முராட்டா ஜிஆர்எம் கெபாசிட்டர்: லேபிளில் 10, போர்டில் பாதிகூட இல்லை

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டர் போர்டு எதை எடுத்தாலும், உள்ளீட்டுப் பக்கம் ஒரு பழுப்பு நிறப் பொடிசு உட்கார்ந்திருக்கும்: பல அடுக்குப் பீங்கான் கெபாசிட்டர். 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 0805 அளவு. முராட்டாவின் ஜிஆர்எம் வரிசையில் அதன் முழுப்பெயர் ஜிஆர்எம்21பிஆர்61இ106கேஏ73எல். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பிரித்துப் படித்தால் ஜாதகமே அதில் இருக்கிறது. 21 என்றால் 2.0 × 1.25 மி.மீ.; பி என்றால் உயரம் 1.25 மி.மீ. ஆர்6 என்பது எக்ஸ்5ஆர், அதாவது −55 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை மதிப்பு ±15 சதவீதத்துக்குள் நிற்கும். 1இ 25 வோல்ட், 106 பத்து மைக்ரோ, கே ±10 சதவீதம். கடைசி எல், ரீல் வகை.

பெயரில் இல்லாத சங்கதி ஒன்று உண்டு. 12 வோல்ட் டிசி ஏறியதும் இந்தப் பத்தில் பாதிகூட மிஞ்சாது. ±10 சதவீதம், ±15 சதவீதம் என்று எழுதியிருப்பதெல்லாம் டிசி இல்லாதபோது அளந்த கணக்கு. இதை முராட்டா மறைக்கவில்லை. சிம்சர்ஃபிங் என்ற அவர்களுடைய இலவசக் கருவியில் பார்ட் நம்பரைப் போட்டு, டிசி பயாஸ் (மேலே ஏறி நிற்கும் டிசி மின்னழுத்தம்) வரைபடத்தைத் திறந்தால் கோடு சரிவது கண்ணெதிரே தெரியும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

காரணம் பொருளிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட். சுமார் 120 டிகிரிக்குக் கீழே அதன் படிகத்துக்குள் மின் இருமுனைகள் (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின்) தாமாகவே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அவை எளிதில் திரும்புவதால்தான் இவ்வளவு சின்ன உடம்பில் 10 மைக்ரோ அடங்குகிறது. டிசி மின்னழுத்தம் அவற்றை ஒரே திசையில் பிடித்து நிறுத்திவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் ஏது? ஒரு அடுக்கின் தடிமன் 1 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் என்பது மீட்டருக்கு 1.2 கோடி வோல்ட் என்ற புலம். அடுக்கு மெலிய மெலிய இழப்பும் கூடும்.

இங்கே இரண்டு தவறான வைத்தியங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, எக்ஸ்5ஆருக்குப் பதில் எக்ஸ்7ஆர் போட்டால் சரியாகிவிடும் என்பது. எக்ஸ்7ஆர் என்ற குறி 125 டிகிரி வரையிலான வெப்பத்துக்கு மட்டுமே உத்தரவாதம். டிசி பயாஸ் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. இன்னொன்று, அதே 0805-இல் 35 வோல்ட் வகை வாங்குவது. அளவு மாறாமல் வோல்ட் எண் மட்டும் ஏறினால் பல சமயம் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. உண்மையில் பலன் தருவது உடம்பைப் பெரிதாக்குவது. 1206 என்ற பெரிய அளவுக்குப் போங்கள், அல்லது இரண்டை இணையாகப் போடுங்கள். எதைச் செய்தாலும் வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பொருளை இந்த நிலைக்குக் கொண்டுவந்த கதையையும் சொல்லியாக வேண்டும். கியோட்டோவில் மட்பாண்டத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அகிரா முராட்டா. அப்பாவின் பட்டறையில் மின்காப்புப் பீங்கான்கள் செய்தார்கள். வியாபாரத்தைப் பெருக்கலாம் என்று மகன் கிளம்பியபோது, விலையைக் குறைத்து விற்றால் பக்கத்துப் பட்டறைக்காரர்களின் பிழைப்பு கெடும் என்று அப்பா தடுத்தார். அப்படியானால் யாரும் செய்யாததைச் செய்வோம் என்று மகன் திரும்பியதுதான் கம்பெனியின் விதை. 1944 அக்டோபரில் டைட்டானியம் ஆக்ஸைடு கெபாசிட்டரோடு தொடங்கினார். போருக்குப் பின், கியோட்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பேரியம் டைட்டனேட்டுக்கு மாறினார். 1950-இல் அது பங்கு நிறுவனமானது. தூளையும் இயந்திரங்களையும் சொந்தமாகச் செய்துகொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ரீலுக்கு ரீல் வித்தியாசம் குறைவாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

விலை இறங்கியதற்குக் காரணம் வேறு. பீங்கானைச் சுமார் 1300 டிகிரியில் சுட வேண்டும். காற்றில் சுட்டால் நிக்கல் துருப்பிடித்துப் போகும், அதனால் முன்பு உள் மின்முனைக்குப் பல்லேடியம் தேவைப்பட்டது. ஆக்சிஜன் இல்லாமல் சுட்டாலோ பீங்கானே ஆக்சிஜனை இழந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். அப்படிச் சுட்டும் கடத்தாத கலவையை 1970-களில் யுகியோ சகாபே முதலான முராட்டா பொறியாளர்கள் உருவாக்கினார்கள். சுட்ட பிறகு, சற்றே ஆக்சிஜன் உள்ள சூழலில் குறைந்த வெப்பத்தில் மறுபடி பதப்படுத்துவார்கள். 2000-ஐ ஒட்டிப் பல்லேடியம் விலை விண்ணைத் தொட்டபோது, நிக்கலுக்கு மாறியிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இனி மேசைக்கு வருவோம். வந்த சரக்கை, கெபாசிட்டர் மதிப்பை அளக்கும் கையடக்க எல்சிஆர் மீட்டரில் வைத்தால் 7 மைக்ரோ, 8 மைக்ரோ என்று காட்டும். உடனே போலி என்று கூச்சல். அவசரப்பட வேண்டாம். இந்த வகையை அளக்க விதித்திருப்பது 1 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட். பத்து மைக்ரோவின் மறிப்பு அந்த அதிர்வெண்ணில் 16 ஓம்தான். மீட்டரின் உள்தடை 100 ஓம், வெளியீடு 0.6 வோல்ட் என்றால் கெபாசிட்டரின் குறுக்கே நிற்பது 0.1 வோல்ட்கூட இல்லை. ஏசி குறைந்தால் இந்தப் பீங்கான் குறைத்துத்தான் காட்டும். சால்டர் செய்த சூட்டோடு அளந்தால் நேர்மாறாக, கூடுதலாகக் காட்டும்: நாளாக ஆக மதிப்பு மெல்லக் குறைவதை வயதாவது என்பார்கள், சூடுபட்டதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. 24 மணி நேரம் விட்டு அளங்கள்.

பெரிய குறை விரிசல். போர்டு வளைந்தால் முனை உலோகத்தின் ஓரத்திலிருந்து சாய்வாக ஒரு மயிரிழை உள்ளே ஓடும்; மேலே ஒன்றும் தெரியாது. ஈரம் ஏறி, சில நாளிலோ மாதத்திலோ ஷார்ட் ஆகும். பேட்டரி லைனில் நேராக உட்கார்ந்திருந்தால் புகைதான். பல போர்டுகள் ஒட்டியிருக்கும் பேனலைக் கையால் ஒடிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் கெபாசிட்டரின் நீளம் அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். திருகு துளை, கனெக்டர் ஓரங்களில் ஜிஆர்ஜே வரிசை போடலாம். அதன் முனையில் உள்ள ரெசின் அடுக்கு வளைவைத் தாங்கிக்கொள்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் கொடுக்கலாம். கையால் சால்டர் செய்வதென்றால் முதலில் போர்டைச் சூடாக்கி, முனை வெப்பத்தை 350 டிகிரிக்குள் வைத்து, ஈயத்தை பேடில் உருக்குங்கள். அயர்ன் முனை பீங்கான் மேல் படவே கூடாது.

இந்தக் கெபாசிட்டரின் சிறப்பே சில இடத்தில் வினையாகும். உள்தடை சில மில்லி ஓம் என்பதால், நீள வயரில் 24 வோல்ட்டைச் சொருகும் கணத்தில் வயரின் தூண்டமும் இதுவும் சேர்ந்து ஊசலாடி, மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 36 வோல்ட் தாங்கும் ஐசி அங்கேயே காலி. பக்கத்தில் ஒரு எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் போட்டால் அதன் உள்தடை இந்த ஆட்டத்தை அடக்கும். எல்எம்2940 போன்ற பழைய ரெகுலேட்டர்களின் வெளியீட்டில் இதைத் தனியாகப் போட்டால் ஆசிலேட் ஆகும்; அவற்றுக்குக் குறைந்தபட்ச உள்தடை வேண்டும். பேக்லைட்டைப் பிடபிள்யூஎம்மில் (வேகமாக அணைத்து அணைத்து ஏற்றி) மங்கச் செய்யும் போர்டுகளில் கீச்சென்ற சத்தமும் வரும், பேரியம் டைட்டனேட் மின்சாரத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்குவதால்.

டைமர், ஃபில்டர், கிரிஸ்டல் பக்கம் எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் இரண்டுமே வேண்டாம். பார்ட் நம்பரில் 5சி என்று வரும் சி0ஜி வகையை எடுங்கள். மதிப்பு சிறியதாகவே கிடைக்கும், ஆனால் டிசி பயாஸ், வயது இரண்டுக்கும் அசையாது.

வாங்கும்போது ஒரு விஷயம். இதன் உடம்பில் எழுத்து எதுவும் இருக்காது. ரீல் லேபிள் இல்லாமல் வெட்டிக் கொடுக்கும் துண்டு டேப்பில் முராட்டாவா வேறா, 25 வோல்ட்டா 10 வோல்ட்டா என்று கண்ணால் சொல்ல வழியில்லை. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்குங்கள், அவர்கள் வெட்டிக் கொடுத்தாலும் பையில் பார்ட் நம்பரும் லாட் எண்ணும் ஒட்டியிருக்கும்.