ஸ்டாட்டின் மாத்திரையும் பிசிஎஸ்கே9 புரதத்தை முடக்கும் ஊசியும்

பரம்பரையாக எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்டிரால் மிகுந்திருப்போருக்குத் தரப்படும் இவ்விரு மருந்துகளும், கல்லீரல் செல்களின் மேற்பரப்பிலிருந்து எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே எடுக்கும் புரதங்களான எல்டிஎல் ஏற்பிகளைப் பெருக்கியே பயன் தருகின்றன, வழிதான் வேறு. 1987 முதல் புழக்கத்திலுள்ள ஸ்டாட்டின், செல்லுக்குள் கொலஸ்டிரால் உருவாவதை மட்டுப்படுத்துவதால், பற்றாக்குறையை உணரும் செல் கூடுதல் ஏற்பிகளை உருவாக்கி, ரத்தத்திலிருந்து எல்டிஎல் துகள்களை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆனால் அதே தூண்டுதல், ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் கூட்டிவிடுகிறது. தன் வெற்றிக்குத் தானே வேலி போட்டுக்கொள்ளும் விசித்திரமான மருந்து இது. 2015இல் அனுமதி பெற்ற ஆன்டிபாடி ஊசிகள் அந்தப் புரதத்தையே பிடித்து முடக்குவதால், ஸ்டாட்டினுடன் சேர்த்துத் தரும்போது எல்டிஎல் மேலும் ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது. விலையையும் நீண்டகால அனுபவத்தையும் பார்த்தால், மாத்திரையில் தொடங்குவதே முறை என்பேன். பெற்றோர் இருவரிடமிருந்தும் முற்றிலும் செயலற்ற ஏற்பி மரபணுவைப் பெற்றவர்களுக்கோ, பெருக்குவதற்கு ஏற்பியே இல்லாததால், இரண்டுமே பெரிதாக உதவுவதில்லை.