கேட்பதா, சீட்டு வைப்பதா?
சலூனுக்கு வரும் பெண் வீட்டில் அடிபடுகிறார் என்று சந்தேகம் வந்தால் இரண்டு வழி உண்டு: வாய்விட்டுக் கேட்பது, அல்லது உதவி எண் அச்சிட்ட சின்னச் சீட்டுகளைக் கழிவறையில் வைப்பது.

சீட்டு சுலபம். கணவர் வெளியே காத்திருந்தாலும் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பையில் அகப்பட்டால் வம்பு. அதனால் தலைப்பில்லாமல், எண் மட்டும் இருப்பது நல்லது.

கேட்பதற்குப் பக்குவம் வேண்டும். முடி பிடுங்கப்பட்ட இடம், காதுக்குப் பின்னால் கன்றிய தோல் எல்லாம் சீப்பு பிடிப்பவர் கண்ணில்தான் முதலில் படும். பக்கத்தில் ஆளில்லாதபோது, "வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். "இடிச்சுக்கிட்டேன்" என்றால் துருவக் கூடாது. "அவரை விட்டுட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லவே கூடாது. பிரியும் நேரத்தில்தான் ஆபத்து கூடும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2017 முதல் அழகுக்கலைஞர்களுக்கு இதில் ஒரு மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. புகார் செய்யும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டவில்லை, நல்லவேளை.

பயிற்சி இல்லாத கடை சீட்டோடு தொடங்கட்டும். வருடக்கணக்கில் பழகியவர் என்றால், கேட்பதுதான் என் கட்சி.