ஆறு வருடமாகப் புழங்கும் எங்கள் கொல்லைப்புறம்

எங்கள் வீடு திருச்சி உறையூர்ப் பக்கம், கிழக்குப் பார்த்த வாசல். அதனால் கொல்லை மேற்கே விழுகிறது. 18 அடி அகலம், 22 அடி நீளம். 2019 கோடையில் இதை உட்கார்ந்து பேசுகிற இடமாக மாற்ற ஆரம்பித்தோம். அதுவரை துவைக்கிற கல், துணிக்கொடி, ஒரு முருங்கை, அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் நாலு வாழை, அவ்வளவுதான் அங்கே இருந்தது. இந்த ஆறு வருடத்தில் எது நின்றது, எதைப் பிடுங்கி எறிந்தோம் என்பதை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் செய்த பெரிய தவறு, வெயிலைப் பார்க்காமல் இடத்தைப் பிரித்தது. வீட்டுச் சுவரை ஒட்டி, மேற்கே பார்த்த மாதிரி சோபா போட்டோம். சாயங்காலம் காபி குடிக்கத்தான் இந்த இடமே. ஆனால் நாலு மணிக்கு உட்கார்ந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரோ மதியம் முழுக்க மேற்கு வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி ஏழு மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சுவரில் கை வைத்துப் பாருங்கள், புரியும். ஒரு மாதம் போல ஆசையாக உட்கார்ந்தோம், அப்புறம் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை.

அம்மா மட்டும் தினமும் காலையில் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள், "இங்க காலைல எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா, நீ சோபா போட்டதெல்லாம் சாயந்தரத்துக்கில்ல?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை நிழல் எங்கே முடிகிறதோ அங்கே தரையில் கோடு போட்டேன். காலை 9 மணிக்கு வீட்டு நிழல் பாதிக் கொல்லையைத் தாண்டி விழுகிறது. 11 மணிக்கு 4 அடிதான் மிச்சம். 12 மணி வாக்கில் நிழலே இல்லை, திருச்சியில் சித்திரை மாதம் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நாலு மணிக்கு மேற்கு மதிலின் நிழல் 7 அடி, ஐந்து மணிக்கு அதைப் போல இரண்டு மடங்கு. ஆக, எங்கள் கொல்லையில் ஒரே ஒரு உட்காரும் இடம் என்பது நடக்கவே நடக்காது. காலைக்கு வீட்டை ஒட்டி ஒன்று, சாயங்காலத்துக்கு மதிலை ஒட்டி ஒன்று. இந்த ஒரு நாள் வேலையை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு வருடமும் நிறையப் பணமும் மிச்சமாகியிருக்கும். உங்கள் கொல்லை வேறு திசையில் இருந்தால் கோடுகளும் வேறு மாதிரி வரும், ஆனால் கோடு போடாமல் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது தரை. முழுக்கக் கடப்பா கல் பதித்தோம், கருப்பாக, பளபளவென்று, புகைப்படத்தில் மிக அழகாக இருந்தது. பங்குனி மதியத்தில் அதில் செருப்பில்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடுவார்கள், எங்கள் நாய் வாசலிலேயே நின்றுவிடும். மூன்றாவது வருடம் வெயில் படும் இடத்தில் இருந்த கல்லையெல்லாம் பெயர்த்து, கூரைக்குக் கீழே கொண்டுவந்து பதித்தோம். அதே கல் நிழலில் எப்படிக் குளிர்ந்து கிடக்கிறது தெரியுமா, மதியம் அப்பா வெறுந்தரையில் தலையணை போட்டுத் தூங்குகிறார். வெயில் படும் பகுதிக்கு நாட்டுச் செங்கல்லை மணல் மேல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினோம், இடுக்கில் சிமென்ட் வைக்கவில்லை. மழைத் தண்ணீர் இடுக்கு வழியாகவே மண்ணுக்குள் போய்விடும். குறை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடித்து வழுக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப் போடக்கூடாது.

தரையின் வாட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் பதித்தவர் கல்லை வீட்டுப் பக்கமாகச் சரித்துவிட்டார், கண்ணுக்குத் தெரியவே இல்லை. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் அடுப்படி நிலைவாசல் வரைக்கும் வந்து நின்றது, ராத்திரி முழுக்க முறத்தால் வாரி ஊற்றினோம். இப்போது 8 அடிக்கு 1 அங்குலம் வீதம் மதில் பக்கம் சரிவு இருக்கிறது. வேலை முடிந்ததும் கூலி கொடுப்பதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

கூரைக்கு முதலில் கட்டியது பச்சை நிழல்வலை. இரண்டு ஆடிக் காற்றைத்தான் தாங்கியது, இரண்டாவதில் கம்பியோடு பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அப்புறம் ஜிஐ பைப் நட்டு 12க்கு 10 அடியில் தகரக் கூரை போட்டோம். மழைக்கு நல்லது, கோடையில் கீழே உட்கார்ந்தால் உச்சந்தலை காயும். அதற்குத் தீர்வு சொன்னது பெரியப்பா. தகரத்துக்கு மேலே தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பரப்பிக் கட்டினோம். வெயில் கீற்றோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அணில் கூடு கட்டும், நெருப்புக்குப் பயந்து அந்தப் பக்கம் தீபாவளிக்கு வெடி கொளுத்தவே மாட்டோம். இத்தனைக்கும் சம்மதம் என்றால் இதைவிடக் குளிர்ச்சியான கூரை எனக்குத் தெரியவில்லை. மேற்குப் பக்கம் சாய்வாக அடிக்கும் வெயிலுக்கு மூங்கில் தட்டி, வேண்டும்போது சுருட்டிக்கொள்ளலாம். அக்கினி நட்சத்திரத்தில் மட்டும் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறோம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நல்ல காரியம், 2019இலேயே மேற்கு மதிலோரம் ஒரு புங்கங்கன்று வைத்தது. அதை நாங்கள் பெரிதாக நினைத்து வைக்கவில்லை. மாசி வாக்கில் இலையைக் கொட்டிவிட்டு, சித்திரை வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று புது இலை விட்டுவிடுகிறது, நமக்கு நிழல் வேண்டிய நேரத்தில் சரியாக. நாலாவது வருடம் அதன் கீழே உட்கார முடிந்தது. சாயங்கால இடம் இப்போது அதுதான். முருங்கை நிற்கும் பக்கம் மட்டும் எதுவும் போடாதீர்கள், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அப்பிக்கொள்ளும், காற்றடித்தால் கிளை முறியும். மரத்தை வெட்ட எங்களுக்கு மனசில்லை, பெஞ்சைத்தான் நகர்த்தினோம்.

உட்காரும் சாமான்களில் சோபா ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துப் போனது. பிளாஸ்டிக் பிரம்பு நாற்காலி மூன்று வருட வெயிலில் நொறுங்கியது. நிலைத்தது ஒரு கல் பெஞ்சும் ஒரு கயிற்றுக் கட்டிலும். பெஞ்சை முதலில் 14 அங்குல உயரத்தில் கட்டினோம், அம்மாவுக்கு முட்டி வலி, எழுந்திருக்கவே முடியவில்லை. 18 அங்குலத்துக்கு உயர்த்திய பிறகுதான் அதில் உட்கார ஆரம்பித்தார்.

கொசு இல்லை என்று சொன்னால் பொய். பகலில் கடிப்பது ஏடிஸ், பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதனால் பூந்தொட்டித் தட்டுகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கவிழ்க்கிறோம், அல்லித் தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறோம். கொசு விரட்டும் செடிகள் என்று வாங்கி வைத்தவை எங்களுக்குப் பலன் தரவில்லை. ஒரு ஃபேன் போதும், கொசுவால் அந்தக் காற்றில் பறந்து வர முடியாது. அதற்குத் தண்ணீர் படாத பிளக் பெட்டியும் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம் போடுங்கள், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது.

விளக்கு பற்றி அதிகம் இல்லை. வெள்ளை எல்இடி போட்டிருந்தபோது மழை விட்ட ராத்திரி ஈசல் மொய்த்து உட்கார விடாது. மஞ்சள் வெளிச்சத்துக்கு, 2700 கெல்வினுக்கு மாற்றித் தாழ்வாக வைத்த பிறகு பெரும்பாலும் குறைந்துவிட்டது.

இப்போது காலையில் அம்மா கூரைக்குக் கீழே கீரை ஆய்கிறார், பேப்பரும் காய்கறியும் அங்கேதான். ஐந்து மணிக்கு மேல் எல்லோரும் புங்கையடிக்குப் போய்விடுகிறோம், பையன் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். தை முடிந்ததும் கீற்று மாற்ற வேண்டும். ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, இந்தத் தடவை 120 கீற்று கேட்டிருக்கிறேன்.