ஐப்பசி மழையில் பேய் விருந்து: எந்த இனிப்பு தாங்கும்?

மேல்நாட்டில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடுகிற ஹாலோவீன் அக்டோபர் 31. அதற்கென்று சுற்றி வருகிற பேய் இனிப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை, இலையுதிர் காலத்தில் குளிரும் உலர்ந்த காற்றும் இருக்கிற ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கு அந்தத் தேதி ஐப்பசி நடுவில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற நேரம். சேலத்தில் துவைத்த துணி காயாது. ஏற்காட்டில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேராக வீட்டுக்குள் வரும். அதனால் எது பார்க்கப் பயங்கரமாக இருக்கிறது என்பதைவிட, ஈரக்காற்றில் எது நிற்கும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் ஓவனில் உலர்த்துகிற பண்டங்கள் பின்னுக்குப் போய், இட்லிப் பானையில் வேகிறவையும் பாகில் ஊறுகிறவையும் முன்னுக்கு வந்துவிடுகின்றன.

முதலில் பேய் உருவம். இதற்கு எல்லோரும் சொல்வது மெரிங். முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை கட்ட அடித்து, கூம்பாகப் பிழிந்து, 100 டிகிரி ஓவனில் ஒன்றரை மணி நேரம் உலர விடுவது. வெளியே எடுக்கும்போது மொறுமொறுவென்று அழகாகவே இருக்கும். ஆனால் அது முழுக்கச் சர்க்கரை; காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். காலையில் செய்ததைச் சாயங்காலம் தட்டிலிருந்து எடுத்தால் அடிப்பாகம் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏற்காட்டில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. மார்ஷ்மெல்லோவில் கண் வரைந்து பேயாக்கலாம், வேலை குறைவுதான். அதில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இவை இரண்டுக்கும் பதிலாக நான் சொல்வது பால் பேடா. ஒரு கப் பால் பவுடர், அரை கப் மில்க்மெய்டு, ஒரு ஸ்பூன் நெய். அடி கனமான வாணலியில் சிறு தீயில் கிளறினால் ஏழெட்டு நிமிடத்தில் பந்தாகத் திரண்டு வரும். கை பொறுக்கும் சூட்டில் நெய் தொட்டு, மேலே கூராகவும் கீழே பாவாடை விரிந்த மாதிரியும் பிடித்துவிட்டு, கண்ணுக்கு இரண்டு கருப்பு எள். வாய் வைக்க வேண்டாம். வாய் இல்லாத பேய்தான் பார்க்க அசல் பேயாக இருக்கிறது. ஈரக்காற்று இதை ஒன்றும் செய்வதில்லை, கொஞ்சம் மெத்தென்று ஆகுமே தவிர உருவம் குலையாது.

வெள்ளை சாக்லேட் பேய் மெரிங்குக்கும் பேடாவுக்கும் நடுவில் வருகிறது. இதில் காம்பவுண்ட் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கோகோ வெண்ணெய் இருக்கிற அசல் சாக்லேட்டை உருக்கி ஆறவைப்பதற்கு வெப்பநிலைக் கணக்கு வேண்டும். தவறினால் மேலே வெள்ளைத் திட்டு பூத்துவிடும். காம்பவுண்டில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் அந்தத் தொல்லை கிடையாது. உருக்கி, வெண்ணெய்த் தாளில் ஒரு ஸ்பூன் ஊற்றி, ஸ்பூனின் பின்பக்கத்தால் கீழ்நோக்கி இழுத்தால் வால் நீண்ட பேய் தயார். உருக்குகிற பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் கட்டியாகத் திரிந்துபோகும், அது ஒன்றுதான் எச்சரிக்கை. சேலத்தில் இதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் வியர்க்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; அங்கே ஃபிரிட்ஜே வேண்டியதில்லை, சமையல் மேடையிலேயே இறுகிவிடும். ஆக மலை மேல் பார்ட்டி என்றால் சாக்லேட் பேய், கீழே என்றால் பேடா பேய்.

விரல்: பிஸ்கட்டா, கொழுக்கட்டையா?

இந்த விருந்தில் பிள்ளைகள் முதலில் தேடி வருவது வெட்டுப்பட்ட விரலைத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சூனியக்காரி விரல் என்று செய்யும் பிஸ்கட்டுக்குக் கணக்கு எளிது: 50 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா. பிசைந்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சுண்டுவிரலைவிட மெலிதாக உருட்டி, நுனியில் பாதாம் பதித்து 170 டிகிரியில் வேகவைக்க வேண்டும். மெலிதாக உருட்டச் சொல்வதற்குக் காரணம், வெண்ணெய் உருகி மாவு பரவும். கொஞ்சம் அசந்தால் விரல் தட்டையாகி, வரைந்த மூட்டுக் கோடுகளெல்லாம் அழிந்துபோகும். நல்ல மழையில் கரண்ட் போய்விட்டால் ஓவனுக்குள் பாதி வெந்த விரல்தான் மிச்சம். இதன் பலம் ஒன்று உண்டு: காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் வரும், நான்கு நாள் முன்னாடியே செய்து வைத்துவிடலாம்.

கொழுக்கட்டை விரல் அன்றைக்கே செய்ய வேண்டியது. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிஸ்கட் விரல் அதற்கு முன் நிற்காது. ஒரு கப் இடியாப்ப மாவுக்கு ஒன்றேகால் கப் கொதிநீர், சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். சூடாக இருக்கும்போதே பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். ஓர் உருண்டை எடுத்து நீளமாகத் தட்டி, நடுவில் தேங்காய் வெல்லப் பூரணத்தை ஒரு கோடாக வைத்து மூடி உருட்ட வேண்டும். அப்புறம்தான் முக்கியமான வேலை. மூட்டு வரவேண்டிய இரண்டு இடங்களிலும் அதன் இருபுறத்தையும் லேசாக அழுத்துங்கள். நடுப்பகுதி தானாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பின் மேல் கத்தியின் முதுகால் நெருக்கமாக மூன்று கோடு. கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை இரண்டாகப் பிளந்து, நுனியில் சாய்வாக அழுத்தினால் நகம். இட்லிப் பானையில் எட்டிலிருந்து பத்து நிமிடம். வெந்து வரும்போது அரிசி மாவுக்கு ஒரு வெளிறிய பளபளப்பு வரும், அசல் தோல் மாதிரியே. நகத்தின் அடியில் ஒரு சொட்டு ரோஸ் மில்க் எசன்ஸ் வைத்தால் ரத்தம் கசிந்த கணக்கு. கடித்தால் உள்ளேயிருந்து கருப்பாகப் பூரணம் எட்டிப் பார்க்கும்.

அந்தக் கருப்புக்கு வெல்லத்தைப் பார்த்து வாங்க வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்கு அருகில் இருக்கிற நாம், பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தைத் தேடி எடுப்பது நியாயமே இல்லை. நிறம் வெளுக்க ரசாயனம் சேர்ப்பது உண்டு. அடர்ந்த பழுப்பில் இருக்கிற வெல்லம் நாக்குக்கும் நல்லது, இந்த வேலைக்கும் பொருத்தம். கொழுக்கட்டையின் குறை, ஆறினால் விறைக்கும். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவித்து, ஹாட்பாக்கில் துணி போட்டு வைத்தால் போதும்.

கண்ணைப் பற்றி அதிக விவாதம் தேவையில்லை. கேக்கை உதிர்த்து, உருட்டி, குளிரவைத்து, வெள்ளை சாக்லேட்டில் முக்கி எடுக்கிற கேக் பாப் ஒரு பக்கம். டின் ரசகுல்லா இன்னொரு பக்கம். ரசகுல்லாவை லேசாகப் பிழிந்து, மேலே சிறு குழி எடுத்து ஒரு ஜெம்ஸ் மிட்டாயை அழுத்தினால் கண் ஆயிற்று. பல்குத்தியை ரோஸ் எசன்ஸில் தொட்டு நரம்பு வரையுங்கள், கோடு தானாகவே பஞ்சுக்குள் பரவி ரத்தம் கட்டியது போல் ஆகும். கேக் பாப்பில் இந்தப் பரவல் வராது, கோடு கோடாகவே நிற்கும். ஆனால் ஜெம்ஸின் வண்ணம் பாகில் கரைந்து வழியும் என்பதால் பரிமாறுவதற்கு அரை மணி நேரத்துக்குள் வைக்க வேண்டும். பொறுமை இருந்தால் கருப்புத் திராட்சையைப் பாதியாக அறுத்து, விதை எடுத்துவிட்டு, தோல் மேலே வருமாறு வையுங்கள். அது கரையாது, பார்வையும் இன்னும் கூர்மை. ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு முழுத் திராட்சையும் முழு ரசகுல்லாவும் கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைக்கும். நான்காக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள்.

ஜவ்வரிசிக்கு ஓரவஞ்சனை

தவளை முட்டை என்று ஒரு பண்டம் செய்வதானால் உலகத்திலேயே அதற்குத் தகுந்த ஊர் சேலம்தான் என்று தைரியமாகச் சொல்வேன். மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்கிற ஆலைகள் சேலத்தையும் ஆத்தூரையும் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன. 1981இல் அதற்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு பக்கத்தில் கிடைக்கிற பொருளை விட்டுவிட்டு, அமேசானில் புழு வடிவ ஜெல்லி மிட்டாய் வரவழைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

நைலான் ஜவ்வரிசி வாங்குங்கள். மாவு ஜவ்வரிசி குழைந்து கூழாகும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஐந்தாறு மடங்கு தண்ணீரில் கொதிக்கவிட்டு, கண்ணாடி மாதிரி ஆகி நடுவில் மட்டும் ஊசிமுனை வெள்ளைப் புள்ளி மிச்சமிருக்கும்போது இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். இதற்குப் போட்டியாக நிற்பது சப்ஜா விதை: சமைக்கவே வேண்டாம், கால் மணி நேரம் ஊறினால் கருப்புப் புள்ளியைச் சுற்றி வழுவழுவென்று கூடு கட்டிக்கொள்ளும். பார்வைக்குச் சப்ஜாதான் அசல் தவளை முட்டை. வாய்க்கு ஜவ்வரிசி, சப்ஜாவில் மெல்ல ஒன்றும் இல்லை. ஆகவே இரண்டையும் சர்க்கரை கரைத்த இளநீரில் கலந்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். தேங்காய்ப் பால் ஊற்றினால் ருசி கூடும், ஆனால் முட்டை மறைந்துவிடும்.

ஜெல்லி வைக்க விரும்புகிறவர்கள் ஜெலட்டினை விட்டுக் கடல்பாசிக்கு (அகர் அகர்) வாருங்கள். ஜெலட்டின் ஜெல்லி சேலத்து வெயில் மதியத்தில் தளர்ந்து ஓடும். கடல்பாசி ஒரு தடவை உறைந்தால் கிட்டத்தட்ட கொதிக்கிற சூடு வந்தால்தான் மறுபடி உருகும், அதோடு அது சைவம். லிட்டர் பாலுக்குப் பத்து கிராம். பெரியவர்கள் தட்டுக்கு ஏற்காட்டுக் காபி டிகாஷனில் கருப்பாக ஒரு சேற்று ஜெல்லி வைக்கலாம்; பிள்ளைகளுக்கு அதே நிறத்தைக் கோகோ பவுடரில் கொண்டுவரலாம்.

சிலந்திக்கு கிரீம் பிஸ்கட்டைவிட எள்ளுருண்டை. கால்களை உருக்கிய சாக்லேட்டில் வரைந்துவிடுங்கள். வலைக்குப் பஞ்சுமிட்டாய் எடுப்பவர்கள் வெள்ளையாகவே எடுக்கட்டும்; உணவில் சேர்க்கக் கூடாத ரோடமைன் பி சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமேற்றிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது. ராகி இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் போட்டால் சூனியக்காரி முடி, அதற்குச் சாயமும் வேண்டாம்.

பூசணி முகத்துக்கு நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. புது வீட்டு வாசலில் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாகத் தொங்குகிற திருஷ்டிப் பூசணியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. அரசாணிக்காயைத் துருவி நெய்யில் வதக்கி, பால் ஊற்றி வேகவிட்டு அல்வாவாகக் கிளறினால் சாயம் போடாமலே ஆரஞ்சு நிறம் வரும். கிண்ணத்தில் சமன்செய்து, உலர் திராட்சையில் கண், உடைத்த முந்திரியில் பல். வெள்ளைப் பூசணிக் காசி அல்வா ருசியில் ஒரு படி மேல்தான். ஆனால் தண்ணீர் பிழிந்து சுண்டவைக்க நேரம் பிடிக்கும், முகத்துக்கு அந்த நிறமும் எடுப்பாக இல்லை.

ஒரு பண்டத்தை மட்டும் நான் செய்வதில்லை. சாக்லேட் மண்ணில் பிஸ்கட் கல்லறை நடுகிற புட்டிங். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சேலத்திலும் ஏற்காட்டிலும் பூவும் மெழுகுவர்த்தியுமாகத் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கப் போகிற குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளை நம் விருந்துக்கு வரும்போது அதை மேசையில் வைக்க எனக்கு மனம் வராது.

கீழே செய்து மலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது கொண்டை ஊசி வளைவில் தவளை முட்டை டம்ளர் நிற்காது. இளநீர் தனி, முட்டை தனி என்று கொண்டுபோய் மேலே கலந்துகொள்ளுங்கள். ரசகுல்லாவுக்கும் கண்ணை மேலே போய் வையுங்கள். விரல்களை அவிக்காமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இட்லிப் பானையையும் வண்டியில் ஏற்றிவிட்டால், அங்கே பத்து நிமிட வேலை.