ஃபேமிலி லிங்க்: ஃபாஸ்டர் பிள்ளையின் ஃபோனுக்குச் சரிப்படுமா?

பிள்ளையின் ஃபோனைப் பெரியவர் தம் ஃபோனிலிருந்து கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலிக்குக் காசு கிடையாது. பத்து வயதுப் பிள்ளையின் ஆண்ட்ராய்டு ஃபோனை இரவு எட்டு மணிக்குப் பூட்டவும், கண்ட கேமையும் இறக்காமல் தடுக்கவும் நல்ல கருவி. ஆனால் ஒரே வீட்டில் பிறந்து அங்கேயே வளரும் பிள்ளையை மனதில் வைத்துச் செய்தது இது. இங்கிலாந்தில் பெற்றோரோடு இருக்க முடியாமல் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) மூலம் ஃபாஸ்டர் வீட்டுக்கு, அதாவது வளர்ப்புக் குடும்பத்துக்கு, வரும் பிள்ளை நாளைக்கே வேறு வீட்டுக்குப் போகலாம். சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் சிக்கல், கணக்குத் தொடங்கும்போதே வரும். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்பார்கள். பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கும் ஃபாஸ்டர் கேரருக்குச் சட்டப்படி பெற்றோர் பொறுப்பு (பிள்ளைக்காக முக்கிய முடிவெடுக்கும் உரிமை) இல்லை. சிறுவர் சட்டத்தின் பிரிவு 20-இன் கீழ், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வந்த பிள்ளை என்றால் அந்தப் பொறுப்பு பெற்றோரிடமே இருக்கிறது. பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் விடும் நீதிமன்ற உத்தரவான கேர் ஆர்டர் இருந்தால் கவுன்சிலுக்கும் உண்டு. கேரருக்கு எந்த முடிவு விடப்பட்டிருக்கிறது என்பது பிளேஸ்மென்ட் பிளானில் (பிள்ளையை அந்த வீட்டில் பராமரிப்பதற்கான திட்டம்), டெலிகேட்டட் அத்தாரிட்டி பகுதியில் இருக்கும். முடி வெட்டுவது, பள்ளிச் சுற்றுலா எல்லாம் விவரமாக எழுதியிருந்தாலும் ஃபோனைப் பற்றி ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் கவுன்சிலில் பிள்ளையைக் கவனிக்கும் சோஷல் வொர்க்கருக்கு ஈமெயில் போட்டு நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: கணக்கை யார் பெயரில் மேற்பார்வையிடுவது, லொகேஷன் பார்க்கலாமா, எந்தச் செயலிகளுக்கு அனுமதி, பிள்ளை வீடு மாறினால் கணக்கு யாருக்கு. ஃபோனில் பேசி முடித்துவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

கணக்கில் முதற்பெயர் போதும். குடும்பப் பெயர் கட்டாயமில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயராக இருக்கட்டும் என்று கேரரின் குடும்பப் பெயரைப் போட்டுவிடாதீர்கள். கேர் ஆர்டரில் உள்ள பிள்ளையின் குடும்பப் பெயரை மாற்ற, பெற்றோர் பொறுப்பு உள்ள எல்லோரின் எழுத்து மூலமான சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். பிறந்த தேதியைச் சரியாகப் போடுங்கள். அங்கே 13 வயதுக்கு மேல் என்று ஒரு முறை பொய் சொன்னால் சிறுவர் கணக்குக்கான பாதுகாப்பே கிடைக்காது.

வீட்டாரின் கூகுள் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் குடும்பக் குழுவில் மொத்தம் ஆறு பேர்தான். கணவன், மனைவி, சொந்தப் பிள்ளைகள் மூவர் என்றால் மிச்சம் ஒரே இடம்; அண்ணனும் தங்கையுமாக இருவர் வந்தால் ஒருவருக்கு இடமில்லை. இதைவிடத் தொல்லை, ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது 12 மாதத்துக்கு ஒரு முறைதான். மார்ச்சில் உங்கள் வீட்டுக்கும் ஜூலையில் அடுத்த வீட்டுக்கும் போகும் பிள்ளைக்கு இது பெரிய முட்டுக்கட்டை. இரண்டு வாரத்துக்கு என்று அவசரமாக வரும் பிள்ளையை இதில் சேர்க்காதீர்கள். வீட்டு வைஃபையில் ரூட்டர் கட்டுப்பாடு, இரவில் ஃபோனுக்குச் சமையலறையில் சார்ஜர். அந்த இரண்டு வாரத்துக்கு அது போதும்.

செயலி அனுமதியில் ஓர் ஓட்டை உண்டு. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும்படி வைத்தாலும், பிள்ளை முன்பு இறக்கி நீக்கிய செயலியைத் திரும்ப இறக்கும்போது கேட்காது. நீங்கள் வாங்கியவற்றை வீட்டாரோடு பகிரும் குடும்ப லைப்ரரியில் இருப்பவற்றுக்கும் கேட்காது. ஆகவே லைப்ரரியில் பகிர்வதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைச் சேர்ப்பது நல்லது. பணத்துக்கு உங்கள் கார்டைக் குடும்பக் கார்டாக இணைக்க வேண்டாம். பாக்கெட் மணியில் ஒரு கூகுள் பிளே கிஃப்ட் கார்டு வாங்கி ரசீதைக் கோப்பில் வையுங்கள். ஐந்து பவுண்டு எங்கே போனது என்று பிள்ளையின் பராமரிப்பைப் பரிசீலிக்கும் ரிவ்யூ கூட்டத்தில் யாராவது கேட்டால் பதில் இருக்கும்.

லொகேஷன் வசதியை யோசித்துத்தான் போட வேண்டும். பிள்ளை அம்மாவைப் பார்க்கப் போகும் நாளில் அம்மா இருக்கும் முகவரியும் உங்கள் வரைபடத்தில் தெரியும். அதற்கு சோஷல் வொர்க்கர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்க ஆபத்து இதைவிடப் பெரிது. உங்கள் முகவரி பிறந்த குடும்பத்துக்குத் தெரியக்கூடாது என்றிருக்கும்போது, பிள்ளை தோட்டத்தில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் போய்விடலாம். ஃபேமிலி லிங்க் இதைத் தானாகத் தடுக்காது. ஃபோனின் கேமரா செட்டிங்ஸுக்குள் போய் இடத்தைச் சேமிப்பதை நிறுத்த வேண்டும். ஜன்னல் வழியே தெரியும் பள்ளிப் பலகை, தெருப்பெயர், சீருடையில் உள்ள சின்னம் இவற்றுக்கு எந்த செட்டிங்ஸும் கிடையாது. பிள்ளையோடு உட்கார்ந்து படத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் செய்திகளை இது காட்டாது. அந்தச் செயலியைத் தடுக்கலாம், நேரம் குறிக்கலாம், அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வாட்ஸ்அப்பின் குறைந்தபட்ச வயது 16-லிருந்து 13 ஆனது. 13 வயதானதும் பிள்ளை கேட்கும். அண்ணன் தம்பியோடு பேச அது ஒன்றுதான் வழியாகவும் இருக்கலாம். ஒரேயடியாக மறுத்தால் தோழியின் ஃபோனில் கணக்குத் திறக்கும். ரோப்லாக்ஸ் போன்றவற்றின் அரட்டைக்கும் அந்தந்தச் செயலிக்குள்ளேயே தனிக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். யூடியூபில் பிள்ளை எதையெல்லாம் பார்க்கலாம் என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்பது வயதுக்காரருக்கு முதல் நிலையே போதும்.

பிள்ளையின் கையில் ஐஃபோன் இருந்தால் இந்தச் செயலியை மறந்துவிடுங்கள். ஐஃபோனில் உள்ள செயலிகளையோ நேரத்தையோ இதனால் கட்டுப்படுத்த முடியாது. ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம் வேண்டும்.

மதிப்பெண் என்றால், நீண்ட காலத்துக்கு வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஐந்துக்கு நான்கு. குறுகிய காலத்துக்கு வருபவருக்கு ஒன்று. சொந்த ஃபோனோடு வரும் பதினைந்து வயதுக்காரரிடம் இதைத் திணித்தால் சண்டைதான் மிஞ்சும்.

பிள்ளை வீடு மாறும் நாளில் கணக்கை அவசரமாக அழிக்காதீர்கள்; அதோடு படங்களும் மெயிலும் போய்விடும். முதலில் கேபிள் போட்டுப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, யுஎஸ்பி குச்சியில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பிள்ளையின் பெட்டிக்கு, மற்றது பிள்ளையின் வாழ்க்கைக் கதையைச் சேர்த்துவைக்கும் லைஃப் ஸ்டோரி புத்தகத்தோடு சோஷல் வொர்க்கருக்கு. கடவுச்சொல்லை மூடிய உறையில் அடுத்த கேரருக்குக் கொடுங்கள். பிள்ளையின் பையில் போடாதீர்கள்.