ஆர்க்கைவ்: மூன்று துகள்களைத் தேடும் வாசகருக்கு எவ்வளவு உதவும்?

ஆர்க்கைவ் எனும் ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியத்தை இயற்பியல் படிப்போருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1991-இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய இச்சேவை, 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். (ஆங்கிலத்தில் arXiv என எழுதப்படும் பெயரின் நடுவிலுள்ள எக்ஸ் உண்மையில் ஒரு கிரேக்க எழுத்து, ‘ஆர்க்ஸிவ்’ என்று படிப்போர் இன்னும் இருக்கிறார்கள்.) மூன்று, நான்கு துகள்களே கொண்ட குவாண்டம் அமைப்புகளைப் பற்றிப் படிக்க வருபவருக்கு இது எந்த அளவு உதவும் என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதல் இடர், இந்தத் துறைக்கு அங்கே தனி அடுக்கு கிடையாது என்பதுதான். இரு துகள்கள் பிணைவதும் பிணையாததுமான விளிம்பில் நிற்கும்போது, மூன்று துகள்கள் சேர்ந்தால் முடிவற்ற பிணைநிலைகளின் வரிசை தோன்றும் என்றும், ஒத்த போசான்களாயின் (ஒரே குவாண்டம் நிலையில் பல சேர்ந்திருக்கக்கூடிய துகள்களாயின்) ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 22.7 மடங்கு பெரிதாக இருக்கும் என்றும் இயற்பியலாளர் விட்டாலி எஃபிமோவ் 1970-இல் கணித்தது அணுக்கருக்களை மனத்தில் வைத்து. அதற்கான முதல் சான்றையோ, 2006-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ருடால்ஃப் கிரிம் குழுவினர் அதிகுளிர் சீசியம் வாயுவில் கண்டனர். சிதறல் நீளம் (குறைந்த ஆற்றலில் இரு துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கின்றன என்பதன் அளவு) விசையின் வீச்சைவிட மிகப் பெரிதாகிவிட்டால் விசையின் நுணுக்கங்கள் பொருட்டல்ல (இதையே ‘பொதுமை’ என்பர்) என்பதால், சீசியத்துக்கு எழுதிய சமன்பாடு, ஒரு புரோட்டானும் இரு நியூட்ரான்களும் கொண்ட டிரிட்டியம் அணுக்கருவுக்கும் பெரிதும் பொருந்துகிறது. ஆனால் களஞ்சியத்தில் முன்னது குவாண்டம் வாயுக்கள் பிரிவிலும் பின்னது அணுக்கருக் கோட்பாட்டுப் பிரிவிலும் போய்ச் சேர்கின்றன.

எதிர்ப்பொருளைத் தேடுவோர் அணு இயற்பியல் பிரிவையும் திறக்க வேண்டும். ஹீலியம் அணுக்கரு, ஓர் எலெக்ட்ரான், ஓர் எதிர்ப்புரோட்டான் (புரோட்டானின் எதிர்ப்பொருள் இணை) ஆகிய மூன்றும் சேர்ந்த விந்தை அணு அங்கேதான் கிடைக்கும். ஹீலியத்தில் நிறுத்தப்படும் எதிர்ப்புரோட்டான்கள் உடனடியாக அழிந்துவிட வேண்டியவை. அவற்றுள் சுமார் 3 விழுக்காடு மட்டும் மைக்ரோவிநாடிகள் தாக்குப்பிடிக்கின்றன. அந்த இடைவெளிக்குள் லேசரால் அளந்த ஆற்றல் வேறுபாடுகளை மூன்றுதுகள் கணக்கீட்டோடு ஒப்பிட்டே, எலெக்ட்ரானோடு ஒப்பிடுகையில் எதிர்ப்புரோட்டானின் நிறை என்ன என்பதைச் செர்ன் எனும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் பெறுகிறார்கள்.

ஆகவே ஒரு பிரிவை மட்டும் பின்தொடர்வது போதாது. மூன்றின் அன்றாடப் பட்டியலையும் மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவது நல்லது. ஒரே கட்டுரையைப் பல பிரிவுகளில் காட்டும் குறுக்குப்பட்டியல் வசதி பெரிதும் கைகொடுக்கும் என்றாலும், அது பெரும்பாலும் கட்டுரையாளரின் விருப்பத்தைச் சார்ந்தது. தேடலில் ‘பொதுமை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டால் புள்ளியியல் இயற்பியல் முழுவதும் வந்து குவியும். ‘சிதறல் நீளம்’, ‘மூன்றுதுகள்’ ஆகியவற்றுக்கான சொற்களைச் சேர்த்துத் தேடினால் பயனுண்டு. 2023 இறுதியிலிருந்து புதிய கட்டுரைகள் பலவற்றுக்கு வலைப்பக்க வடிவமும் கிடைப்பதால், நீண்ட தொகையீட்டுச் சமன்பாடுகளையும் கைப்பேசியில் ஓரளவு படிக்க முடிகிறது.

இங்கு நடப்பது மேற்பார்வைதானே தவிர, இதழ்கள் செய்யும் அறிஞர் மதிப்பாய்வு அன்று. எண் கணக்கீடுகளை நம்பியிருக்கும் இத்துறையில், முதல் பதிப்பிலுள்ள பிணைப்பாற்றல் மதிப்பு இரண்டாம் பதிப்பில் மாறக்கூடும்; பழைய பதிப்புகளும் அழிக்கப்படாமல் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். சிதறல் கோட்பாட்டை ஒரு பருவமாவது படித்த முதுகலை மாணவருக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு முன் வருபவர், புதிய கட்டுரைகளை விட்டு, நீண்ட மீள்பார்வைக் கட்டுரை ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.