உள்ளே ஒரு மட்டம், வெளியே ஒரு மட்டம்: ஹாப் வலைக்கூடையோடு நான்கு வருடம்

வீட்டில் பீர் காய்ச்சும்போது ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) போட்டுக் கெட்டிலில் தொங்கவிடும் வலைக்கூடை விலை இறங்கியிருக்கிறது, வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். 300 மைக்ரான் எவர்சில்வர் வலை, 6 அங்குல விட்டம், 14 அங்குல உயரம், விளிம்பில் மாட்ட ஒரு கொக்கி. கடையில் ஹாப் ஸ்பைடர் என்று எழுதியிருக்கும், நமக்கு வலைக்கூடை என்றால் போதும். 10 காலன் கெட்டில், ஒருமுறைக்கு 5 காலன் பேட்ச், அரைத்து அழுத்திய பெல்லட் ஹாப்ஸ், காந்தப் பம்ப், காய்ச்சியதைத் தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டு ஆறவைக்கும் பிளேட் சில்லர். இந்தச் சாமான்களுக்கு நடுவில்தான் நான்கு வருடமாக அது தொங்குகிறது. ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் அதன் அடியைச் சால்டர் வைத்து ஒட்டினேன், எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. பிளேட் சில்லருக்கு ஹாப்ஸ் எமன். தகடுகளுக்கு நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் சந்து. ஊறிய பெல்லட் தூள் அதில் புகுந்து காய்ந்துவிட்டால், எதிர்த்திசையில் தண்ணீர் அடித்தாலும், காரத்தில் ஊறவைத்தாலும், ஓவனில் வைத்துச் சுட்டாலும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. பிரித்துப் பார்க்கவே முடியாத பொருள். கூடை வந்தபிறகு இந்தக் கவலை போய்விட்டது. வேலை முடிந்து சில்லரைத் திருப்பிப் பிடித்துத் தண்ணீர் விட்டால் நாலைந்து பச்சைத் துணுக்கு வரும், அவ்வளவுதான்.

அதற்கு முன் கெட்டில் வால்வின் உள்பக்கம் திருகியிருந்தது 12 அங்குல வலைக்குழாய். அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. முழுப் பூ ஹாப்ஸ் போடுகிறவருக்கு அது அருமையான பொருள்: பூக்கள் குழாயின் மேல் மெத்தைபோல் படிந்து தாமே வடிகட்டியாகிவிடும். பெல்லட் அப்படியில்லை. பூவை அரைத்து அழுத்திய உருண்டை அது, சூட்டில் இரண்டே நிமிடத்தில் சேறாகிவிடும். சேறு குழாயை மொத்தமாகப் பூசி மூட, பம்ப், பீராகப் போகும் தானியச் சாறான வோர்ட்டை விட்டுக் காற்றை இழுத்துக் கடகடவென்று கத்தும். கொதிக்கும் கெட்டிலுக்குள் கரண்டியை விட்டு அடியில் கிடக்கும் குழாயைச் சுரண்டியவர்களுக்குக் கூடையைப் பார்த்ததும் ஆசை வருவது இயற்கை.

கூடையும் அடைக்கும். இதைத்தான் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

காபி பில்டரில் டிகாக்ஷன் இறங்க மறுப்பது தெரியும் அல்லவா? தூள் கொஞ்சம் நைஸாகப் போய்விட்டால் மேலே தண்ணீர் அப்படியே நிற்கும், கீழே சொட்டுகூட விழாது, தட்டினாலும் அசையாது. இங்கும் அதே கதைதான், அளவு மட்டும் பெரியது. 200 கிராம் பெல்லட் போட்ட ஐ.பி.ஏ.வை (ஹாப்ஸ் அதிகம் போடும் பீர் வகை) வடிக்கும்போது பாருங்கள். வால்வைத் திறந்ததும் வெளியே மட்டம் இறங்கும். கூடைக்குள் இறங்காது. வெளியே ஒரு சாண் குறைந்தபிறகும் உள்ளே பச்சைக் குழம்பு ஒரு தூணாக நிற்கும், வலையின் கண்ணிகளில் வழவழவென்று ஒரு பசை மின்னும், அதில் அங்கங்கே ஒரு துளி உருண்டு வரும். மூன்று லிட்டர் வோர்ட் என்றால் மூன்று கிலோவுக்கு மேல். அதுவரை தண்ணீரில் மிதந்த பாரம் இப்போது கொக்கியில் தொங்குகிறது, கெட்டில் விளிம்பு லேசாக உள்ளே வளைகிறது.

அடைப்பது ஹாப் துணுக்குகளின் பருமன் மட்டும் அல்ல. 300 மைக்ரான் என்பது 0.3 மில்லிமீட்டர், சல்லடைக் கணக்கில் 50 மெஷ், அத்தனை நுண்மையில்லை. வெறும் தண்ணீரில் பெல்லட்டைக் கரைத்து ஊற்றினால் இதைவிட வேகமாக இறங்கும். வோர்ட்டில் கொதியில் திரண்ட புரதம் இருக்கிறது. அது ஹாப் தூளோடு சேர்ந்து கூழாகி வலைமேல் தோல்போல் படிகிறது. கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐரிஷ் மாஸோ தெளிவு மாத்திரையோ போட்டால் திரட்சி இன்னும் பெரிதாகும், தோல் இன்னும் தடிக்கும். தெளிவுக்காகப் போடுவதே வடிதலுக்குப் பகை.

கணக்கையும் பார்த்துவிடலாம். 35 செ.மீ. விட்டமுள்ள கெட்டிலில் 25 லிட்டர் ஊற்றினால் 26 செ.மீ. ஆழம். கூடையின் அடி தரையிலிருந்து 3 செ.மீ. மேலே நின்றால் உள்ளே இருப்பது சுமார் 4 லிட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கு. ஒரு மணி நேரக் கொதிக்குப்பின் அது இன்னும் குறையும். ஆக, 200 கிராம் ஹாப்ஸ் 20 லிட்டரில் நீந்துவதில்லை, நாலு லிட்டருக்கும் குறைவான இடத்தில் நெரிகிறது. கிராமுக்கு 5 மில்லி உறிஞ்சும் என்று வைத்தால் ஒரு லிட்டர் அதோடு போகும். மிச்சமிருக்கும் இரண்டு சொச்சம் லிட்டர் நம் பொறுமையைப் பொறுத்தது.

கசப்பும் குறையும். வெளியே கெட்டில் தளதளவென்று புரளும்போது கூடைக்குள் எட்டிப் பாருங்கள்: குளத்துத் தண்ணீர்போல லேசாக அலைகிறது. ஹாப்ஸில் உள்ள ஆல்பா அமிலம் வோர்ட்டில் கரைந்து கொதிசூட்டில் உருமாறினால்தான் கசப்பு வரும். அசையாமல் கிடக்கும் சேறு அதைச் சரியாக விடாது. அதனால் 60 நிமிடம் கொதிக்கும் கசப்பு ஹாப்ஸைப் பலரும் பத்து விழுக்காடு கூட்டிப் போடுகிறார்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு: கசப்புக்கான ஹாப்ஸைக் கூடைக்கு வெளியே நேராகக் கெட்டிலில் போட்டுவிடுங்கள். மேக்னம் ரகம் போல 12, 13 விழுக்காடு ஆல்பா உள்ளதாக எடுத்தால் 20 கிராம் போதும், அந்த அளவு அடியில் படிந்துவிடும், சில்லரை ஒன்றும் செய்யாது. அதுவும் பயமாக இருந்தால் சிரிஞ்சில் வரும் ஹாப் எக்ஸ்ட்ராக்ட் இருக்கிறது, அதில் இலைச் சக்கையே கிடையாது.

அடைப்புக்குக் கண்ட வைத்தியங்களில் உருப்படியானது, கூடையை நடுவில் ஒருமுறை காலிசெய்வது. அடுப்பை அணைத்ததும், வாசனை ஹாப்ஸ் போடுமுன், கூடையைத் தூக்கி விளிம்பில் ஐந்து நிமிடம் வடியவிடுங்கள். வெந்த சக்கையைக் கொட்டி, குழாய்த் தண்ணீரை வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை அடித்து, உடனே திரும்ப மாட்டுங்கள். அப்போது வோர்ட் இன்னும் 90 டிகிரிக்கு மேல் இருக்கும், கூடையைத் தனியாகக் கிருமி நீக்க வேண்டியதில்லை. 80 டிகிரிக்கு இறக்கியபிறகு வாசனை ஹாப்ஸைப் போட்டு 20 நிமிடம் விட்டால் கசப்பு அதிகம் ஏறாமல் எண்ணெய்கள் தங்கும், புது வலையும் கிடைக்கும். இப்படிச் செய்தால் 200 கிராமும் மல்லுக்கட்டாமல் இறங்குகிறது. செய்ய மறந்த நாளெல்லாம் தூண்தான்.

வடிக்கும்போது நின்றுவிட்டால் கூடையை ஒரேயடியாகத் தூக்காதீர்கள். ஐந்து ஐந்து செ.மீ. ஆக ஏற்றி, சிலிகான் கரண்டியால் உள்சுவரை மேலிருந்து கீழாக வழியுங்கள், தோல் கிழிந்து பொலபொலவென்று இறங்கும். கம்பி பிரஷ் வேண்டாம், கண்ணி விலகிவிடும். பம்பின் திரும்பு குழாயைக் கூடைக்குள் விட்டால் ஹாப்ஸ் நன்றாகக் கலங்கி வாசனை கூடுகிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வால்வைக் கால்வாசிக்கு மேல் திறக்கக் கூடாது. வலை அடைக்கத் தொடங்கியதும் உள்மட்டம் சத்தமில்லாமல் ஏறி, விளிம்பைத் தாண்டி, இவ்வளவு நேரம் பிடித்து வைத்த அத்தனையும் கெட்டிலுக்குள் கவிழும். பக்கத்தில் நிற்க முடியாதவர் இதைச் செய்யவேண்டாம். மண்டியை நடுவில் குவிக்க வோர்ட்டை வேர்ல்பூலாகச் சுழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நடுவில் கூடை தொங்கினால் மண்டி குவியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

கழுவும் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு, ஈரத்திலேயே கழுவும் கட்சி, காயவிட்டுத் தட்டும் கட்சி. காயவிட்டால் பெரிய துணுக்கு உதிரும், புரதப் பசை ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈரத்தில்தான், அதுவும் வெளியிலிருந்து உள்ளே அடிக்கவேண்டும். துணுக்குகள் உள்ளிருந்து வந்து கண்ணியில் செருகியவை, உள்ளிருந்தே அடித்தால் இன்னும் இறுகும். பிறகு 60, 65 டிகிரி சுடுநீரில், காலனுக்கு ஓர் அவுன்ஸ் பெர்கார்பனேட் கலந்த கிளீனரில் ஒரு மணி நேரம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணியெல்லாம் தெரியவேண்டும். பழுப்பாக, சொரசொரப்பாக மிஞ்சுவது பீர் கல், அதாவது கால்சியம் ஆக்ஸலேட். காரத்துக்கு அசையாது, சிட்ரிக் அமிலத்துக்கோ பாஸ்பாரிக் அமிலத்துக்கோதான் இளகும். குளோரின் பிளீச் பக்கம் போகாதீர்கள், எவர்சில்வரில் ஊசிக்குழி விழும். பில்டர் ஓட்டை அடைத்தால் அடுப்பில் காட்டிச் சிவக்கவைக்கும் நம் வீட்டு வித்தையும் இங்கே கூடாது. மெல்லிய 304 ரக எவர்சில்வர் கம்பி சூட்டில் நீலம் பாய்ந்தால் அதன் காப்புப் படலம் போய், அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும்.

இப்போது ரிப்பேர். கூடையின் அடித்தட்டும் சுற்றுவலையும் சேரும் இடத்தில் ஒரு வளையம் மடித்து ஸ்பாட் வெல்டு செய்திருக்கிறார்கள். வலையின் ஓரம் அந்த மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் அது பிரிவது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மில்லிமீட்டர் வாய் பிளந்தால் போதும், சேறு அத்தனையும் அடிவழியாக வெளியேறும். அன்றைக்குப் பார்த்துக் கூடை அற்புதமாக வடியும், நமக்கும் சந்தேகம் வராது. சில்லரிலிருந்து வரும் ஓட்டம் குறையும்போதுதான் தெரியும்.

ஒட்டுவது கடினமில்லை. காரீயம் கலக்காத, வெள்ளீயத்தோடு 6 விழுக்காடு வெள்ளி சேர்ந்த சால்டர் வாங்குங்கள். அது 221 டிகிரியில் இளகத் தொடங்கி 279இல் முழுக்க உருகும், கொதிக்கும் வோர்ட் அதை ஒன்றும் செய்யாது. சால்டர் பிடிக்கத் தடவுவதற்கு எவர்சில்வருக்கென்று விற்கும் திரவ பிளக்ஸ்தான் வேண்டும், செம்புக்கான பசை இதில் பிடிக்காது. ஓரத்தை மணல்தாளால் தேய்த்து, பிளக்ஸ் தடவி, டார்ச் தீயை வளையத்தின்மேல் மட்டும் காட்டுங்கள், வலைமேல் காட்டினால் கம்பி கருகும். சால்டர் தானே மடிப்புக்குள் ஓடும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் நன்றாகக் கழுவவேண்டும், பிளக்ஸ் அமிலம். இதற்கெல்லாம் சேர்த்து ஆன செலவைப் பார்த்தால், இப்போதைய தள்ளுபடி விலைக்கு அதிக தூரமில்லை. நண்பருக்கு இதைச் சொல்லவில்லை.

வாங்குவதென்றால் மூன்றைப் பாருங்கள். 200 மைக்ரான் என்று பெருமையாகப் போட்டிருந்தால் தாண்டிப் போங்கள், கூழ் இறங்கவே இறங்காது. 300க்கும் 400க்கும் நடுவே கேட்டால் 400. கொஞ்சம் தூள் கூடுதலாக நழுவும், பெர்மென்டர் (புளிக்கவைக்கும் பாத்திரம்) அடியில் மண்டியாகப் படிந்துபோகும், பீருக்குத் தீங்கில்லை. இரண்டாவது விட்டம், 4 அங்குலம் வேண்டவே வேண்டாம். மூன்றாவது, செம்புச் சுருள் சில்லர் வைத்திருந்தால் முதலில் சுருளின் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். கூடையும் சுருளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கெட்டில்கள் நிறைய. சொல்லப்போனால் சுருள் வைத்திருப்பவருக்குக் கூடையே தேவையில்லை. ஆறவிட்டு, கலக்கிச் சுழற்றி, இருபது நிமிடம் விட்டு, மேலாக வடித்தால் மண்டி பெரும்பாலும் அடியிலேயே நின்றுவிடும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'காய்ச்சுவது' என்றாலே நம் காதில் வேறொன்று விழும், தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. கூட்டரசுச் சட்டம் 1979 முதல், பெரியவர் ஒருவருக்கு வருடம் 100 காலன், இருவர் உள்ள வீட்டுக்கு 200 காலன் வரை, விற்பனைக்கு இல்லாமல் விட்டிருக்கிறது.

என் குறை இவ்வளவுதான். 40, 50 கிராம் போடும் ஸ்டவுட்டிலும் பில்ஸ்னரிலும் கூடை அழகாக வேலை செய்கிறது. அங்கே அது இல்லாமலே சமாளிக்கலாம். 200 கிராம் போடும் ஐ.பி.ஏ.வில்தான் அது தேவை, அங்கேதான் படுத்துவிடுகிறது. கடையில் இதைச் சொல்லி விற்றால் யாரும் கோபப்படமாட்டார்கள். நண்பரிடம் இருப்பது செம்புச் சுருள், ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும், தள்ளுபடி முடிவதற்குள், 400 மைக்ரானில் ஒன்று.